ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரா, சட்டைப்பை காம்பாக்ட்டா? வீட்டுக்குள் பையன், மேடையில் மகள், பட்ஜெட் 35,000

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தனியாக ஒரு கேமரா வாங்கலாம் என்றிருக்கிறோம். கையில் 35,000 ரூபாய். இழுத்துப் பிடித்தால் இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம். செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரிதான்.

எடுக்கப்போவது முக்கியமாக இரண்டு விஷயம். மாலை நேரத்தில் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் மூன்று வயதுப் பையன். பள்ளி ஆண்டுவிழா மேடையில் ஆடும் மகள் (பெற்றோர் நாற்காலியிலிருந்து மேடை சுமார் 15 மீட்டர்). மற்றபடி எப்போதாவது ஊர் சுற்றப் போகும்போது.

மனசில் இருப்பது இரண்டு. ஒன்று லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர்: நிகான் டி3500 அல்லது கேனன் 1500டி, 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்), செகண்ட் ஹேண்ட். இன்னொன்று கேனன் ஐக்சஸ் 185 மாதிரி பாக்கெட்டில் போடும் காம்பாக்ட். காம்பாக்ட்டில் 20 மெகாபிக்சல், டிஎஸ்எல்ஆரில் 24. படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, சும்மா எடை தூக்காதீர்கள் என்கிறார் கடைக்காரர். போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு. வீட்டுக்குள் பையனை எடுத்தால் கை கால் எல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது. அது சரியாக வேண்டும் என்பதுதான் முதல் தேவை. எதை வாங்கலாம்?

இருட்டறை:

மெகாபிக்சலை ஓரமாக வையுங்கள். பார்க்க வேண்டியது சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) அளவும் லென்ஸின் அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் துளை, எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது).

ஐக்சஸ் 185-இன் சென்சார் 6.17 x 4.55 மி.மீ. டி3500-இன் சென்சார் 23.5 x 15.6 மி.மீ. பரப்பளவில் 13 மடங்கு வித்தியாசம். அதே அப்பர்ச்சர், அதே ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம், 1/250 என்றால் விநாடியில் 250-ல் ஒரு பங்கு) என்றால் பெரிய சென்சார் மொத்தத்தில் 13 மடங்கு வெளிச்சம் வாங்குகிறது. கணக்குப்படி ஐக்சஸில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600-ல் வரும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்), டி3500-ல் ஐஎஸ்ஓ 20,000-ஐ ஒட்டிப் போனால்தான் வரும்.

இப்போது உங்கள் ஹால். ராத்திரி ஒரு டியூப்லைட்டோ இரண்டு எல்இடி பல்போ எரியும் அறையில், பையன் முகத்தில் 150, 160 லக்ஸ் விழுந்தாலே நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 1600-ல் கிடைக்கும் ஷட்டர் வேகம் இப்படி வரும்: கிட் லென்ஸ் 18 மி.மீ.-ல் எஃப்/3.5, அதாவது 1/80. அதையே 55-க்குத் திருப்பினால் எஃப்/5.6, 1/30. ஐக்சஸ் ஜூம் போடாமல் எஃப்/3.2, 1/100. முழு ஜூமில் எஃப்/6.9, 1/20. ஓடும் குழந்தைக்குக் குறைந்தது 1/250 வேண்டும். மேலே உள்ள நாலில் ஒன்றுகூட அங்கே வரவில்லை.

பலர் ஏமாறும் இடம் இதுதான். டிஎஸ்எல்ஆர் வாங்கிக் கிட் லென்ஸோடு நிறுத்திவிட்டு, "போனைவிட ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதே உடம்பில் (லென்ஸ் நீங்கலான கேமரா) எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் அதே ஐஎஸ்ஓ 1600-ல் 1/320 வந்துவிடும். பிரச்சினை அங்கேயே முடிகிறது. ஆகவே பட்ஜெட் போடும்போதே உடம்பு, கிட், ஒரு எஃப்/1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) என்று மூன்றாகப் போடுங்கள். ப்ரைமுக்குக் காசு மிஞ்சாது என்றால் வீட்டுப் படத்துக்காக டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஐக்சஸ் 185-ல் வேகமான ஷட்டரை நீங்களே தேர்ந்தெடுக்கவும் வழி கிடையாது. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போகாது. ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) கிடையாது. வீடியோ 720 மட்டும். அதன் 20 மெகாபிக்சலும் காகிதத்தில்தான்: ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். முழு ஜூமில் எஃப்/6.9-ல் விளிம்பு விளைவால் (சின்னத் துளை வழியே வரும் ஒளி விரிவதால்) ஒரு புள்ளி 9 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. அகலவாக்கில் ஏழெட்டு பிக்சல் சேர்ந்து ஒரே புள்ளியைத்தான் பதிவு செய்கின்றன.

பையடக்கம்:

இருட்டறை சொன்னதில் கணக்கு சரி. ஆனால் காம்பாக்ட் என்றாலே ஐக்சஸ் என்று வைத்து முடிவு கட்டியது சரியில்லை.

முதலில் ஐக்சஸுக்கே ஒரு வார்த்தை. போனில் இல்லாத இரண்டு அதில் உண்டு: நிஜமான 8 மடங்கு ஆப்டிகல் ஜூம், செனான் பிளாஷ். போனின் எல்இடி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அசைவை நிறுத்தாது. செனான் பிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் வெட்டி மறைந்துவிடும். மூன்று மீட்டருக்குள் ஓடும் குழந்தை அப்படியே நிற்கும். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும், பின்சுவரில் கருநிழல் விழும், அதுதான் விலை. அடுத்த பிளாஷுக்குச் சில விநாடி காத்திருக்கவும் வேண்டும். அதற்குள் பையன் அடுத்த அறைக்குப் போயிருப்பான்.

டிஎஸ்எல்ஆருக்கு உண்மையான போட்டி 1 இன்ச் சென்சார் காம்பாக்ட்தான். பெயர்தான் 1 இன்ச், அளவு 13.2 x 8.8 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 (2014) எடுத்துக்கொள்ளுங்கள். எடை 290 கிராம், லென்ஸ் ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கணக்கில் 24-70 மி.மீ.-க்குச் சமம், எஃப்/1.8 முதல் 2.8 வரை. சென்சார் டி3500-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு மாறுவது) சற்று மேல் நஷ்டம். ஆனால் லென்ஸ், கிட் லென்ஸைவிட இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக விடுகிறது. கூட்டிக் கழித்தால் கிட் லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரும் இதுவும் ஏறக்குறையச் சமம், இது ஒரு மயிரிழை மேலே என்றுகூடச் சொல்லலாம். டி3500 கிட்டோடு சேர்த்து 620 கிராம்.

ஆக, லென்ஸ் மாற்றப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் 1 இன்ச் காம்பாக்ட் வாங்குங்கள். மாற்றுவேன் என்றால் டிஎஸ்எல்ஆர். நடுவில் ஐக்சஸ் வகைக்கு உங்கள் தேவையில் இடமே இல்லை. ஓரளவு நல்ல போனின் பிரதான கேமரா சென்சார் ஐக்சஸுடையதைவிடப் பெரிது, அப்பர்ச்சரும் அகலம்.

ஒரே சிக்கல், மேடை. மார்க் 3 வெறும் 70 மி.மீ. சமானத்தோடு நின்றுவிடும். 15 மீட்டரில் மகள் விரல் அளவுதான் தெரிவாள்.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. ஐக்சஸைக் கைவிட்டாச்சு. மேடையும் எங்களுக்கு முக்கியம்தான். அப்படியென்றால் டிஎஸ்எல்ஆரில் எந்த உடம்பு, எந்த லென்ஸ்? எங்கள் ஹால் பத்துக்குப் பத்துதான். 50 மி.மீ. எஃப்/1.8 விலை குறைவு, அதையே வாங்குங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

கரிசல்:

பத்துக்குப் பத்து ஹாலில் 50 வேண்டாம்ங்க. கேனன் ஏபிஎஸ்-சி (1500டி-ல் இருக்கும் சென்சார் அளவு) உடம்பில் 50 மி.மீ., 3 மீட்டர் தூரத்தில் 1.34 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பையனும் பொம்மையும் சேர்ந்து அடங்காது. நிகானில் 35 மி.மீ. அதே தூரத்தில் 2 மீட்டர் பிடிக்கும். கேனனின் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம், 2.8 மீட்டர். 24 ஒன்றே கால் ஸ்டாப் மந்தம்தான், ஐஎஸ்ஓ 3200-க்குப் போனால் 1/250 வந்துவிடுகிறது. இந்த சென்சாரில் 3200 பயப்பட வேண்டிய எண் இல்லை. எடை 125 கிராம், தடிமன் 23 மி.மீ.கூட இல்லை. மாட்டினால் கேமராவே பாதியாகச் சுருங்கின மாதிரி இருக்கும்.

இன்னொன்று, 50-ஐ எஃப்/1.8-ல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் வெறும் 6 செ.மீ. பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். நிகான் 35 எஃப்/1.8-ல் அதே தூரத்துக்கு 13 செ.மீ. கிடைக்கும். ஓடும் குழந்தைக்கு அந்த இரட்டிப்பு பெரிய உதவி.

உடம்பு விஷயம்:

டி3500-ல் 11 ஃபோகஸ் புள்ளி, விநாடிக்கு 5 படம், பேட்டரி ஒரு சார்ஜில் 1500 படத்தைத் தாண்டும். வியூஃபைண்டரில் கண் வைத்து எடுப்பவருக்குக் காசுக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். உற்பத்தி நின்றுவிட்டதால் செகண்ட் ஹேண்ட்தான். மைக் சாக்கெட் இல்லை, திரை திரும்பாது.

1500டி-ல் 9 புள்ளி, விநாடிக்கு 3 படம். திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் தவழும். இதை நான் கடைசியில்தான் வைப்பேன். அதன் தம்பி 3000டி இன்னும் மோசம்: மவுண்ட் பிளாஸ்டிக், வியூஃபைண்டரில் கண்ணாடி பவர் சரிசெய்யும் திருகுகூட இல்லை. கண்ணாடி போடுபவர்கள் தொடவே வேண்டாம்.

காசு கொஞ்சம் நீளுமென்றால் 200டி மார்க் 2 (2019). இதன் திரை திரும்பும், டூயல் பிக்சல் ஃபோகஸ் திரை வழியாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தையை அவன் கண் மட்டத்தில் எடுக்க, கேமராவைத் தரையில் வைத்துத் திரையை மேலே திருப்பினால் போதும். டி3500-ல் அதற்கு நீங்கள் படுக்க வேண்டும்.

மேடை: 15 மீட்டரில் 55 மி.மீ., நாலே கால் மீட்டர் உயரத்தைப் பிடிக்கும். ஒன்றேகால் மீட்டர் உயரக் குழந்தை படத்தில் கால்பங்குக்குச் சற்று மேல். கேனன் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் 250-ல் 0.9 மீட்டர் பிடிக்கும், இடுப்புக்கு மேல் முழுசாக நிறையும். எடை 375 கிராம். நிகான் பக்கம் ஏஎஃப்-பி 70-300, பெயரில் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, கேனனில் ஐஎஸ்) என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். விஆர் இல்லாத மலிவுப் பதிப்பும் அதே தோற்றத்தில் சுற்றுகிறது.

மேடையில் பிளாஷ் போடாதீர்கள். 1500டி-ன் பாப்-அப் பிளாஷ் கைடு எண் (பிளாஷின் வீச்சைக் குறிப்பது) சுமார் 9. ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6-ல்கூட ஆறரை மீட்டர்தான் எட்டும். முன்வரிசைத் தலைகள் பளபளக்கும், மேடைக்கு ஒன்றும் போகாது. எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே வைக்கும் முறை) 1/250, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 3200-ல் ஆரம்பித்து, மேடை விளக்கைப் பார்த்து ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி இறக்குங்கள். ஆட்டோவில் விட்டால் பின்னணிக் கருப்பைப் பார்த்துவிட்டு முகத்தை வெளுக்க வைத்துவிடும். நீலம், ஊதா எல்இடி விழும்போது சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பொய் சொல்லும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், நீலம் வலது ஓரத்தில் முட்டினால் முகத்தின் விவரம் போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். இப்போது உடம்பும் ஹாலுக்கான ப்ரைமும். ஆண்டுவிழா நெருங்கும்போது டெலி (தூரத்தைக் கிட்டே காட்டும் லென்ஸ்).

பழைய லென்ஸ்:

செகண்ட் ஹேண்ட் என்பதால் சில பொறிகள்.

நிகானில் ஃபோகஸ் மோட்டார் டி3500 உடம்பில் கிடையாது, லென்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று பெயர் தொடங்கினால் சரி. 50 எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கும், மாட்டலாம், ஆனால் ஃபோகஸ் கையால்தான். தலைகீழ்ப் பொறியும் உண்டு: ஏஎஃப்-பி லென்ஸை டி3100, டி3200 மாதிரிப் பழைய உடம்பில் மாட்டினால் ஃபோகஸ் வேலையே செய்யாது. டி3300-க்குப் புது ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும். "டி3200 உடம்பு, 70-300 ஏஎஃப்-பி, சேர்த்து சல்லிசு" என்று வரும் விளம்பரங்களைக் கவனியுங்கள். கேனனில் இந்தத் தலைவலி இல்லை. ஈஎஃப் லென்ஸ் 1987-ல் செய்தது என்றாலும் ஃபோகஸ் ஆகும்.

கேனனில் பொறி வேறு இடத்தில். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடம்) நடுப் பின்னை எடுத்துவிட்டார்கள். ஒற்றைப் பின்னோடு வரும் மலிவு மேனுவல் பிளாஷ், சாதா ட்ரிகர் (தள்ளி வைத்த பிளாஷை இயக்கும் கருவி) எதுவும் வேலை செய்யாது. பின்னால் பிளாஷ் வாங்கும் எண்ணமிருந்தால் கேனனுக்கென்றே செய்த மாடல், உங்கள் உடம்பின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை. லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். நிகான் லென்ஸில் பின்பக்கம் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால்தான் அப்பர்ச்சர் இதழ்கள் திறக்கும். கேனனில் கழற்றினாலே திறந்திருக்கும். சிலந்தி வலை மாதிரி நூலிழை தெரிந்தால் ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் மூடிய பையிலேயே கிடந்த லென்ஸில் இது சகஜம். இரண்டு மூன்று தூசி இருந்தால் படத்தில் தெரியாது, விடுங்கள்.

பிறகு எஃப்/16, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை ஒரு படம். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. ஊதுபந்தால் ஊதிப் போனால் சரி, போகாவிட்டால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழியுங்கள். வியூஃபைண்டரில் தெரியும் தூசிக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஷட்டர் கணக்கு (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது): நிகானில் அப்போதே எடுத்த ஜேபெக் ஃபைலை எக்ஸிஃப்டூலில் (படத்தோடு பதிந்த தகவலைக் காட்டும் மென்பொருள்) போட்டால் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் வராது. 1500டி வகையில் ஃபைலில் எழுதாது, கேபிள் போட்டு மென்பொருளால்தான் படிக்க வேண்டும். விற்பவர் "கம்மியா ஓடினது" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஃபோகஸ் சோதனை முக்கியம். செய்தித்தாளை மேசையில் விரித்து 45 டிகிரி சாய்வில், ப்ரைமை முழுசாகத் திறந்து, நடுப் புள்ளியால் ஒரு வரியைக் குறிவைத்து வியூஃபைண்டர் வழியாக ஒன்று, திரை வழியாக ஒன்று எடுங்கள். திரைப் படத்தில் அந்த வரி கூர்மையாகவும் வியூஃபைண்டர் படத்தில் முன்னாலோ பின்னாலோ உள்ள வரி கூர்மையாகவும் இருந்தால், ஃபோகஸ் சென்சார் விலகியிருக்கிறது. இந்த விலை உடம்புகளில் அதை மெனுவில் திருத்த வழி கிடையாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். கிட் லென்ஸில் இது மறைந்துகிடக்கும், எஃப்/1.8-ல்தான் வெளியே வரும். அதனால் ப்ரைமைக் கையோடு கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

யாராவது 1 இன்ச் காம்பாக்ட் பக்கம் போனால்: பத்து முறை ஆன் ஆஃப் செய்து லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் கேளுங்கள். கரகரத்தால் உள்ளே மணல், சீக்கிரம் லென்ஸ் எரர் வரும். செங்கல் சுவரை நேராக எடுத்து நாலு மூலையையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த கேமரா. சென்சாரில் தூசி நுழைந்திருந்தால் அதைப் பிரிக்காமல் எடுக்க முடியாது, அந்த வேலைக்கூலி கேமரா விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இருட்டறை:

வீட்டுக்குள் வைக்க வேண்டிய செட்டிங்கையும் சொல்லிவிடுகிறேன். எம் மோட், 1/250, 35 மி.மீ. என்றால் எஃப்/2, ஆட்டோ ஐஎஸ்ஓ மேல் வரம்பு 6400. ஃபோகஸ் நிகானில் ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ (அசைவதைத் தொடர்ந்து பிடிக்கும் முறை), நடுப் புள்ளி மட்டும். இந்த உடம்புகளில் நடுப் புள்ளிதான் குறுக்கு வகை (நெடுக்குக் கோடு, கிடைக்கோடு இரண்டையும் பிடிப்பது), மங்கலான வெளிச்சத்தில் மற்றவை தடுமாறும். ரா ஃபைலாக எடுங்கள். 32 ஜிபி கார்டில் ஆயிரத்தை ஒட்டி அடங்கும்.

மலிவு எல்இடி பல்பு இருந்தால் 1/250-ல் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சில படங்களில் பட்டை பட்டையாகவும் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/100-க்கு இறங்கினால் பட்டை போகும், ஆனால் பையன் மங்குவான். பல்பை மாற்றுவதே தீர்வு. எந்த பல்பு துடிக்கிறது என்று போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

காவிரிக்கரை:

டி3500 உடம்பு கிட்டோடும், 35 எஃப்/1.8ஜி தனியாகவும் தேடப் போகிறோம். ஃபங்கஸ் பற்றிச் சொன்னதும் பயமாக இருக்கிறது. ஏசி இல்லாத வீடு. எப்படி வைப்பது?

பழைய லென்ஸ்:

டிரை கேபினெட் எல்லாம் இப்போது வேண்டாம். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 250 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம், 30-க்குக் கீழே போனால் ரப்பர் பிடியும் லென்ஸ் மசகும் வறளும். ஜெல் பச்சையானதும் தட்டில் பரப்பி 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தை உள்ள வீடு.

கேமராவோடு வந்த துணிப்பையில், தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே போய் வந்தால் முதலில் மின்விசிறிக் காற்றில் அரைமணி, பிறகு டப்பா. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள்.